மழைக்காலக் காளான்: பறிப்பதா, வாங்குவதா, வளர்ப்பதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அக்டோபர் மழை பிடித்துவிட்டால் காளான் பேச்சும் கூடவே கிளம்பிவிடும். புரட்டாசி சனிக்கிழமைகள், தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி என்று சைவச் சமையல் தொடர்கிற காலமும் அதுதான். கறிக்குப் பதிலாகக் குவாளியில் (வாணலியில்) எதைப் போடுவது என்று கேட்டால் மூன்று வழி இருக்கிறது. செம்பனை (எண்ணெய்ப் பனை) அடியிலும் பழைய ரப்பர் கட்டைகளிலும் தானாக முளைப்பதைப் பறிக்கலாம். காலைச் சந்தையிலோ பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலோ வாங்கலாம். வித்து ஊன்றிய மரத்தூள் பைகளை வாங்கிவந்து வீட்டுப் பின்கட்டில் வளர்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அன்றாடச் சமையலுக்குச் சாம்பல் நிறச் சிப்பிக் காளான் போதும். வாங்கியதானாலும் சரி, வளர்த்ததானாலும் சரி. காட்டுக் காளானில் இரண்டுக்கு மட்டும் வீட்டில் இடம் கொடுக்கலாம்: புற்றுக் காளான், கட்டையில் வரும் குக்கூர். அதுவும், அதே வட்டாரத்தில் பல வருடம் பறித்துச் சாப்பிட்ட பெரியவர் ஒருவர் கூடவே வந்து காட்டியிருந்தால்தான். படம் பார்த்தோ, கைப்பேசிச் செயலியைக் கேட்டோ, யாரோ எழுதியதைப் படித்தோ (இந்தக் கட்டுரையும் அதில் சேர்த்தி) பறிக்கக் கிளம்ப வேண்டாம்.

தோட்டத்தில் கிடைப்பவை

சுவையில் புற்றுக் காளானுக்கு ஈடு கிடையாது. மலாய்க்காரர்கள் சென்டாவான் பூசுட் என்பது இதைத்தான். கரையான்கள் மண்ணுக்கடியில் தங்கள் கூட்டிலேயே ஒரு பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. மழை ஈரம் உள்ளே இறங்கியதும் அந்தப் பூஞ்சை மேலே வந்து குடை விரிக்கிறது. கரையான் கூட்டை விட்டு அதைக் குடை விரிக்கவைப்பது கடினம் என்பதால் சிப்பிக் காளானைப் போலப் பையில் வளர்த்து இதை விற்க முடிவதில்லை. எனவே இது வேண்டுமென்றால் மண்ணிலிருந்துதான் வரவேண்டும்.

குடையின் நடுவில் கூரான, கெட்டியான முனை இருக்கும். அடிப்பக்கத் தகடுகள் முதலில் வெண்மையாகவும் முற்ற முற்ற இளஞ்சிவப்பாகவும் மாறும். தண்டு மண்ணோடு நின்றுவிடாமல் மெல்லிய வேர் மாதிரி கீழே கரையான் கூடு வரை இறங்கும். பிடித்து இழுத்தால் அந்த வேர் அறுந்து, முக்கியமான அடையாளம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். கத்தியால் சுற்றிலும் மண்ணைக் கிளறித்தான் எடுக்க வேண்டும். தண்டின் அடியில் பை போன்ற உறை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பூசுட் காலையில் மொட்டாக இருந்து மதியத்துக்குள் விரிந்துவிடும். மாலையில் தகட்டுக்குள் புழு நெளியும். பறித்த அன்றே சமைக்க வேண்டிய பொருள் இது.

சிக்கல் என்னவென்றால், அதே மழையில் பள்ளித் திடலிலும் கோயில் வளாகப் புல்லிலும் தாமான் (குடியிருப்பு) ஓரங்களிலும் பெரிய வெள்ளைக் குடைகள் முளைக்கின்றன. மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகரக்கூடிய வளையம், பார்க்கவே கொழுத்த தோற்றம். இளசாக இருக்கும்போது இதன் தகடும் வெள்ளைதான். முற்றினால்தான் பச்சை படரும். வெப்பமண்டல நாடுகளில் காளான் விஷத்துக்கு அடிக்கடி காரணமாவது இந்தப் பச்சை வித்துக் காளான். தின்ற 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிய்த்துக்கொண்டு வரும். புல்வெளியில் முளைத்த வெள்ளைக் குடை எதையும் சமைப்பதில்லை என்று வீட்டில் ஒரு விதியே வைத்துக்கொள்ளலாம்.

வித்துத்தூள் சோதனை ஓரளவுக்கு உதவும். தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மேல் தகடு கீழே படும்படி குடையைக் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடி 6 மணி நேரம் விடுங்கள். தாளில் பச்சைத் தூள் படிந்தால் விஷம். வெள்ளைத் தூள் என்றால் அது புற்றுக் காளான் இல்லை. இளஞ்சிவப்பு வந்தாலும் மனம் நிம்மதி அடைய வேண்டாம். இளஞ்சிவப்புத் தூள் விடும் விஷக் காளான்களும் இருக்கின்றன. ஆகவே இந்தச் சோதனை ஒன்றைத் தள்ளிவைக்க உதவுமே தவிர, சாப்பிடலாம் என்று அனுமதி தராது.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், அரிசி சிவந்தால் விஷம், நத்தை தின்றிருந்தால் நல்லது என்று நான்கு நம்பிக்கைகள் லயத்துக் காலத்திலிருந்து வாய்வழி வருகின்றன. நான்குமே பொய். கல்லீரலை அழிக்கும் காளான் நஞ்சு வெள்ளியைக் கறுக்க வைக்காது. நத்தையைக் கொல்லாத நஞ்சு மனிதனைக் கொல்லும். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அந்த நஞ்சு முறியாது.

குக்கூர் விஷயத்தில் பயம் குறைவு. வடக்கே இதைக் குலாட் சிசிர் என்பார்கள். வெட்டிப் போட்ட ரப்பர் கட்டையில் 1 முதல் 4 சென்டிமீட்டர் அகலச் சிறு விசிறிகளாக அடுக்கடுக்காக வரும். மேல்புறம் சாம்பல் வெள்ளை, பூனை முடி போன்ற மென்மயிர். அடியில் ஒவ்வொரு தகடும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். தோல் மாதிரி கெட்டியாக இருக்கும். வெயிலில் சுருண்டு, மழையில் மறுபடி விரியும். கட்டையில் வரும் வேறொரு சிறு விசிறிக் காளான் தொட்டால் நசுங்கும், தகடும் பிளந்திருக்காது. அது வேண்டாம். சாயம் பூசிய பலகையிலோ மருந்து ஊறிய வேலிக் கம்பத்திலோ முளைத்த குக்கூரையும் எடுக்கக்கூடாது.

செம்பனை ஆலையிலிருந்து வந்து குவியும் தண்டான் கோசோங் மேல் முளைப்பதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பழம் உதிர்ந்த அந்த வெற்றுக் குலையில் வருவது பெரும்பாலும் வைக்கோல் காளானே. சந்தையில் விற்பதும் அதே இனம், சுவையும் நன்று. ஆனாலும் பறிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வைக்கோல் காளானை முட்டைப் பருவத்தில்தான் எடுப்பார்கள். அந்தப் பருவத்தில் கொடிய விஷமுள்ள அமானிட்டா வகையும் உறைக்குள் அதே முட்டை வடிவில்தான் இருக்கும், வித்துத்தூளும் விழாது. குலைக் குவியலில், கறுத்து மையாகக் கரையும் மைக் காளான்களும் கலந்து வரும். இத்தனை ஆபத்துக்கு நடுவே கைவிட்டுப் பொறுக்குவதைவிட, வளர்ப்பவரிடம் கால் கிலோ வாங்குவது மேல்.

இனம் சரியாகவே இருந்தாலும் இடம் சரியா என்று பார்க்க வேண்டும். செம்பனை மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தில் களைக்கொல்லி அடிப்பது வழக்கம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடையில் இருக்கிறது. மற்றக் களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. காளான் மண்ணில் உள்ளதை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினால் போகாது. புல் பழுத்துக் கருகியிருந்தால் அந்த வரிசையை விட்டு விலகுங்கள். எப்போது மருந்து அடித்தார்கள் என்று மண்டோரை (தோட்ட மேற்பார்வையாளரை) கேட்டு, அனுமதியும் வாங்கிக்கொண்டு உள்ளே போவதே முறை. மரத்தடியில் அலமாரித் தட்டு மாதிரி ஒட்டி நிற்கும் கெட்டியான பழுப்புக் காளான் கானோடெர்மா. செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் நோய் அது. சட்டிக்கு ஆகாது, மண்டோரிடம் சொன்னால் அவருக்கு உதவும்.

காட்டுக் காளான் சமைக்கும் நாளில் இரண்டு இனத்தைக் கலக்காதீர்கள். சமைக்காத முழுக் காளான் ஒன்றைத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். முதல்முறை என்றால் பெரியவர்கள் மட்டும் இரண்டு மூன்று கரண்டி சாப்பிடட்டும்; பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். இந்தக் கொஞ்சம் ஒவ்வாமையைக் கண்டுகொள்ளத்தான். இனத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டியும் கூடாது. வாந்தி சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு போய்விடும். 6 மணி நேரம் கழித்து, அதாவது இரவு சாப்பிட்டு விடியற்காலையில் வாந்தி தொடங்கினால் அதுதான் மிகவும் அஞ்சவேண்டியது. மறுநாள் உடம்பு தேறியது போலத் தெரியும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தேறிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாமல் எடுத்துவைத்த காளானோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய விஷ மையம் மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்கிறது.

சந்தையில் வாங்கும்போது

சிப்பிக் காளானில் குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருப்பதை எடுங்கள். ஓரம் மேலே சுருண்டு அலையலையாக இருந்தால் முற்றியது. வதக்கினால் நார் தட்டும். அடித்தண்டில் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது காளானின் சொந்த இழைதான். மஞ்சள் நீர் கசிந்து, மீன்வாடை அடித்து, தொட்டால் வழுக்கினால் மட்டும் ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் பையோடு குளிர்பெட்டியில் வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. உள்ளே வியர்த்து இரண்டு நாளில் கொழகொழத்துவிடும். தாள் விரித்த டப்பாவில், மூடியை லேசாகத் திறந்து வைத்தால் 4, 5 நாள் தாங்கும்.

வைக்கோல் காளானுக்கு இது நேர் எதிர். பச்சையாகக் குளிர்பெட்டியில் வைத்தால் குளிர் தாளாமல் தானே கரைந்து தண்ணீராகும். வாங்கியதும் இரண்டாக நறுக்கிக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு வடித்துவிட்டு, பிறகு குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும்.

காய்ந்த காதுக் காளானை இரவெல்லாம் மேசைமேல் ஊறப்போடுவது நம் ஊர்ச் சூட்டில் ஆபத்தான பழக்கம். நெடுநேரம் ஊறிய காதுக் காளானில் போங்கிரெக்கிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெதுவெதுப்பான நீரில் 30 நிமிடம் ஊறினாலே விரிந்துவிடும்; அன்றே சமைத்துவிடுங்கள். காய்ந்த ஷிட்டாக்கே காளானை ஊறவைத்த நீரில் மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுத்து ரசத்தில் ஊற்றுங்கள், அடியில் மண் தங்கும். எனோக்கிக் காளானைப் பச்சையாகத் தின்னக்கூடாது. 2020இல் அமெரிக்காவில் லிஸ்டீரியா நோய் பரவியதற்குக் கொரியாவிலிருந்து வந்த எனோக்கி காரணமென்று கண்டறிந்தார்கள். பட்டன் காளான் எங்கும் கிடைக்கும், குருமாவுக்கு ஆகும், தனக்கென்று பெரிய ருசி இல்லை. டின் காளானை ஒருமுறை கொதிக்கவிட்டு உப்பு நீரைக் கொட்டிவிட்டால் போதும்.

சாலையோரத்தில் புற்றுக் காளான் வாங்க நேர்ந்தால், முழுதாக வேரோடு இருப்பதை மட்டும் வாங்குங்கள். நறுக்கிச் சுத்தம் செய்து பையில் கட்டியதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அடையாளம் பார்க்க அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

குவாளிக்கு வந்த பிறகு

பெரும்பாலான புதுக் காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை என்ன செய்கிறோம் என்பதில்தான் சமையல் இருக்கிறது, மூன்று காளானுக்கும் மூன்று பதில்.

சிப்பிக் காளானில் தண்ணீரை விரட்ட வேண்டும். 500 கிராம் எடுத்து, கடினமான அடியை நீக்கி, ஓடும் நீரில் சட்டென்று அலசிப் பிழிந்து, விரலகலத்துக்கு நீளவாக்கில் கையால் கிழியுங்கள். கத்தியால் குறுக்கே வெட்டினால் கறியின் நார்த்தன்மை போய்விடும். எண்ணெய் இல்லாமல் காய்ந்த குவாளியில் பாதிப் பாதியாகப் போட்டுப் பெரிய தீயில் 4, 5 நிமிடம் பிரட்டினால் நீர் விட்டு, நீர் வற்றி, ஓரம் பழுப்பாகும். மொத்தத்தையும் ஒரே தடவை கொட்டினால் சூடு இறங்கி, காளான் தன் நீரிலேயே வெந்து ரப்பராகிவிடும். எடுத்து வைத்துவிட்டு 3 மேசைக்கரண்டி எண்ணெயில் பட்டை, அன்னாசிப்பூ, கறிவேப்பிலை, 2 பெரிய வெங்காயம், 1 மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது வதக்குங்கள். இறைச்சி மசாலைத்தூள் 2 மேசைக்கரண்டியைக் குழம்புப் பதத்தில் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில் விடுங்கள். தூளைக் கரைக்காமல் போட்டால் கருகிக் கசக்கும். ஒரு தக்காளி, பிறகு காளான், கடைசியில் முக்கால் தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி மிளகுத்தூள். 500 கிராம் பாதியாகச் சுருங்கும் என்பதால் முதலிலேயே உப்புப் போட்டால் கரித்துவிடும், நீரும் மறுபடி விடும். இந்தப் பெரட்டல் நான்கு பேருக்குச் சோற்றோடு சரியாக இருக்கும்.

புற்றுக் காளானில் தண்ணீரை விரட்டக்கூடாது, அதில்தான் மணம் இருக்கிறது. மசாலைத்தூளும் வேண்டாம். வேரின் மண்ணைச் சுரண்டி, குடையை உப்பு நீரில் 5 நிமிடம் போட்டுப் புழு வெளியேறியதும் அலசுங்கள். 250 கிராமுக்கு 1 மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், 6 சின்ன வெங்காயம், கீறிய 2 பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி மஞ்சள். காளானைப் போட்டு உப்பிட்டு மூடினால் தானே நீர் விடும். அந்த நீரிலேயே 10 நிமிடம் நன்றாக வேகட்டும். தீயைக் குறைத்து 100 மில்லி கெட்டிச் சந்தான் (தேங்காய்ப் பால்) ஊற்றி, கொதி வருமுன் இறக்குங்கள். கோழிச் சாற்றின் ஆழம் இதற்குத் தானாகவே உண்டு.

குக்கூருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். 100 கிராம் எடுத்து, கட்டை ஒட்டியிருக்கும் அடியைக் கத்தரித்து, இரண்டு மூன்று நீரில் தேய்த்துக் கழுவி, 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் குக்கூர் செருப்புத்தோல் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள். அதன் மெல்லும் தன்மைதான் அதன் சிறப்பு, மென்மையாகும் என்று எதிர்பார்க்கக்கூடாது. 8 சீலி பாடியும் (காரமான சிறு மிளகாய்) 2 சென்டிமீட்டர் பச்சை மஞ்சளும் இடித்து, 300 மில்லி சந்தான், நசுக்கிய ஒரு தண்டு செராய் (எலுமிச்சைப் புல்), ஒரு மஞ்சள் இலை, ஒரு துண்டு ஆசாம் கெப்பிங் (காயவைத்த புளிப்புப் பழத் துண்டு) சேர்த்து மசாக் லெமாக் என்ற தேங்காய்ப் பால் குழம்பு வைத்தால் மற்றக் காளான் எதற்கும் வராத பொருத்தம். சந்தான் ஊற்றியதிலிருந்து கரண்டி ஓய்ந்தால் திரிந்துவிடும். நெத்திலியும் பெலாச்சானும் (இறால் விழுது) போடுவது வழக்கம். விரத நாளில் அவற்றை விட்டு, வறுத்த தேங்காயை அரைத்து ஒரு கரண்டி சேர்த்தால் ஈடுகட்டும்.

இரண்டு காட்டுக் காளானும் கைக்கு வராத வருடத்தில் பெரிய இழப்பு என்று சொல்ல முடிவது புற்றுக் காளானுக்கு மட்டுமே. குக்கூரைச் சந்தையிலும் பார்க்கலாம், பையில் வளர்த்தும் விற்கிறார்கள்.

பின்கட்டில் வளர்த்தால்

சிப்பிக் காளான் பையில் இருப்பது ரப்பர் மரத்தூள்தான். 100 பங்கு தூளுக்கு 10 பங்கு தவிடு, 1 பங்கு சுண்ணாம்பு கலந்து, கையில் பிழிந்தால் கட்டியாகி, நீர் சொட்டாத ஈரத்தில் பையில் அடைத்து, பல மணி நேரம் நீராவியில் வேகவைத்து, ஆறியதும் வித்து ஊன்றுவார்கள். இதை வீட்டில் செய்ய முயல வேண்டாம். நீராவி சரியாக ஏறாவிட்டால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். இழை முழுதும் ஓடி வெள்ளையாகிவிட்ட பைகளாகப் பார்த்து வாங்குங்கள். பாதி வெள்ளையும் பாதி பழுப்புமான பை மலிவாகக் கிடைக்கும், காத்திருக்க வேண்டும். பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் வேண்டாம்.

ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பை, 3 மாதத்தில் மொத்தமாக 200 முதல் 300 கிராம் தரும். வாரம் ஒருமுறை 300 முதல் 450 கிராம் வரை சமைக்கும் குடும்பத்துக்கு 20 பை வேண்டும் என்று கணக்கு. அதையும் ஒரே நாளில் திறந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் காய்த்துவிடும். வாரத்துக்கு ஐந்து பையாக மூடியைத் திறங்கள். வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில் படுக்கவைத்து அடுக்கி, சுற்றிலும் தரையிலும் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். பையின் வாய்க்குள் நீர் தேங்கினால் அழுகும். மொட்டு வந்த 3, 4 நாளில் பறிக்கலாம். கொத்தை முழுதாகத் திருகி எடுங்கள். தண்டின் கட்டை உள்ளே தங்கினால் ஈ முட்டையிடும். தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை. குடை ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. அடுத்த அறுப்புக்கு 10 முதல் 14 நாள்.

காசுக் கணக்கில் வீட்டு வளர்ப்பு சந்தையைவிடப் பெரிய மலிவு இல்லை. பறித்த பத்து நிமிடத்தில் குவாளிக்குப் போகும் புதுமைதான் லாபம், விரத நாளில் சந்தையில் தீர்ந்துபோய்த் திரும்பும் தொல்லையும் இல்லை. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் மட்டும் யோசியுங்கள். முற்றிய குடை உதிர்க்கும் வித்துத்தூள் மூச்சுக்கு ஆகாது. ஓரம் சுருளுமுன் பறித்து, பைகளை வீட்டுக்கு வெளியே வைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். ஓய்ந்த பைகளைக் கிழித்து, உள்ளே இருக்கும் தூளை உதிர்த்து மழையில் இரண்டு வாரம் நனையவிட்டு, வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் அடியில் போடுங்கள். சில சமயம் அங்கேயும் ஒரு கொத்து முளைக்கும். மண்ணில் வந்ததை, பையில் வந்ததுதானே என்று நம்பிப் பறிக்க வேண்டாம்.